அபாயச் சங்கு எவ்வளவு தூரம் கேட்கும்? திருகோணமலைக் கரையை வைத்து ஒரு கணக்கு

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையைச் சுற்றி எழுப்பப்பட்ட எச்சரிக்கைக் கோபுரங்கள் 77. தீவின் கரையோர நீளத்தை எவ்வளவு சிக்கனமாக அளந்தாலும் 1,300 கிலோமீட்டருக்குக் குறையாது. வகுத்துப் பார்த்தால் ஏறத்தாழ 17 கிலோமீட்டருக்கு ஒரு கோபுரம். வீடும் மதிலும் தென்னையும் நிறைந்த ஊருக்குள் நல்ல நிலையிலுள்ள ஒரு சங்கின் (சைரனின்) ஒலி சுற்றிவர ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் போகும். சனம் நெருங்கி வாழும் இடங்களைப் பார்த்தே கோபுரங்கள் வைக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் 77உம் பழுதின்றி இயங்கினாலும் கரையின் பெரும்பகுதி அவற்றின் காதெட்டும் தூரத்துக்கு வெளியில்தான் இருக்கும். அவற்றில் பல செயலிழந்து கிடப்பதாக அண்மைய ஆண்டுகளில் செய்திகள் வந்தபோது எழுந்த கோபம் நியாயமானது. இயங்கினாலும் எங்கே கேட்கும், எங்கே கேட்காது என்ற கேள்வி மட்டும் அந்தக் கோபத்தில் அடிபட்டுப் போனது.

அந்தக் கேள்விக்கு விடை காண, சங்கு எப்படிச் சத்தம் போடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

காற்றை நறுக்கும் சக்கரம்

1819இல் சார்ல்ஸ் கன்யார் த லா தூர் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு சிறு கருவி செய்தார். துளைகள் போட்ட நிலையான தட்டு ஒன்று. அதன்மேல் அதேபோல் துளையிட்ட சுழலும் தட்டு ஒன்று. கீழிருந்து காற்றை ஊதினால், இரண்டின் துளைகளும் நேராகும்போது காற்று வெளியேறும், விலகும்போது அடைபடும். துளைகள் சாய்வாக இருந்ததால் ஊதும் காற்றே தட்டைச் சுழற்றியது. இது எச்சரிக்கைக் கருவியாகப் பிறக்கவில்லை. ஒரு சுரத்துக்கு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்று எண்ணுவதற்கான ஆய்வுக்கூடச் சாமான் அது. நீருக்குள்ளும் ஒலித்ததால், கிரேக்கப் புராணத்தில் கடலோடிகளைப் பாடி மயக்கும் சைரன்களின் பெயரை அவர் அதற்கு வைத்தார்.

இன்றைய மோட்டார்ச் சங்கும் அதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. நடுவில் ஒரு மின்மோட்டார். அதன் அச்சில் விசிறிபோலவும் வெட்டியாகவும் வேலை செய்யும் சுழலி. அதைச் சுற்றி ஜன்னல்கள் வெட்டிய நிலையான வளையம். சுழலி நடுவிலிருந்து காற்றை இழுத்து ஓரத்துக்குத் தள்ளுகிறது. வளையத்தின் ஜன்னல்கள் அந்தக் காற்றைத் துண்டு துண்டாக நறுக்குகின்றன. ஒவ்வொரு துண்டும் ஓர் அழுத்தத் துடிப்பு.

சுருதியைக் கணக்கிடுவது எளிது: ஜன்னல்களின் எண்ணிக்கையை நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 60ஆல் வகுக்க வேண்டும். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் இரண்டு காந்தமுனை கொண்ட மோட்டார் ஒன்று சுமையோடு நிமிடத்துக்கு 2,850 சுற்று அளவில் ஓடும். பத்து ஜன்னல் என்றால் 475 ஹேர்ட்ஸ், பன்னிரண்டு என்றால் 570. அமெரிக்காவின் 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த சங்கை இங்கே கொண்டுவந்து பூட்டினால் சுருதி ஆறில் ஒரு பங்கு இறங்கும். அது பெரிய குறையல்ல. வேகம் குறைவதால் சத்தமும் குறையும் என்பதுதான் குறை. விற்பனைத் தாளில் அச்சிட்ட டெசிபெல், அதாவது ஒலியின் அளவு, இங்கே வராது.

பெரும்பாலான சங்குகள் 400 முதல் 600 ஹேர்ட்ஸ் வரையான சுருதியில் ஒலிப்பதற்குக் காரணம் உண்டு. கூரிய உயர் சுருதியைக் காற்றே உறிஞ்சிவிடும். ஒரு மதில் நின்றாலும் அதற்குப் பின்னால் போகாது. சுருதியை மிகவும் தாழ்த்தினால் தூரம் போகும், ஆனால் அதை உண்டாக்கப் பெரிய குழலும் பெரிய மோட்டாரும் வேண்டும், மனிதக் காதும் தாழ்ந்த ஒலிக்கு மந்தம். 450 ஹேர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் முக்கால் மீட்டருக்குச் சற்று மேல். வேலி, தென்னை, சிறு வீடு ஆகியவற்றைச் சுற்றி வளைந்து போக அது போதும். குன்றைச் சுற்றிப் போகப் போதாது. திருகோணமலையில் அது முக்கியமான விஷயம்.

பழைய பெரிய சங்குகளில் இரண்டு சுருதி ஒன்றாகக் கேட்கும். 10 ஜன்னல் சுழலி ஒரு பக்கம், 12 ஜன்னல் சுழலி மறுபக்கம். கேட்பவருக்கு ஒருவித அச்சம் உண்டாவதற்காக என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. மற்றப் பாதி வேறு. ஒரே சுருதி சுவர்களில் பட்டுத் திரும்பும்போது, நேராக வந்த அலையும் திரும்பிய அலையும் ஒன்றையொன்று அழிக்கும் புள்ளிகள் உண்டாகும். ஒரு முற்றத்தில் உரக்கக் கேட்பது இரண்டடி தள்ளி நிற்பவருக்கு மங்கிப் போகலாம். இரண்டாம் சுருதி இருந்தால், ஒன்று மங்கும் இடத்தில் மற்றது கேட்கும்.

ஏறி இறங்கும் ஊளைக்கென்று தனிக் கருவி கிடையாது. மோட்டாருக்கு மின்சாரத்தைச் சில வினாடி கொடுத்து, சில வினாடி நிறுத்தி, மறுபடி கொடுப்பதுதான். ஆனால் மோட்டார் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் சாதாரண ஓட்டத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். 5 குதிரைவலு மும்முனை மோட்டார் 400 வோல்ட்டில் 7 அல்லது 8 அம்பியரில் ஓடும்; எழும்பும் கணத்தில் 40 அம்பியரைத் தாண்டும். நீண்ட நேரம் ஊளையிட்டால் முதலில் கருகுவது மோட்டார்ச் சுருள் அல்ல, அதை விட்டு விட்டு இணைக்கும் கொன்டாக்டரின் முனைகள்.

போர்க்காலம்

மோட்டார்ச் சங்கு தீயணைப்பு நிலையங்களிலும் தொழிற்சாலைகளிலும் முன்பே இருந்தது. ஊர் முழுவதுக்கும் ஒரே அர்த்தமுள்ள ஒலியாக அதை ஆக்கியது விமானத் தாக்குதல். 1939 செப்டெம்பர் 3ஆம் திகதி பிரிட்டன் போரை அறிவித்த சில நிமிடங்களிலேயே லண்டனில் சங்கு ஊளையிட்டது. அது பொய் எச்சரிக்கை. ஏறி இறங்கும் ஒலி ஆபத்துக்கு, ஒரே சீரான ஒலி ஆபத்து நீங்கியதற்கு என்ற பிரிட்டிஷ் வழக்கம் பிறகு பல நாடுகளில் வேரூன்றியது.

1942 ஏப்ரல் 5 காலை கொழும்பின்மேல் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, ராடார் இருந்தும் உரிய முன்னறிவிப்புக் கிடைக்கவில்லை. நான்கு நாள் கழித்து, 9ஆம் திகதி, திருகோணமலையில் நிலைமை வேறு. முதல் நாளே ரோந்து விமானம் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டுவிட்டது. இரவோடு இரவாகத் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் வெளியேற்றப்பட்டன. காலையில் ராடார் வரவைக் காட்டியது. சீனக்குடா விமானத்தளத்திலிருந்து போர் விமானங்கள் நேரத்தோடு மேலெழுந்தன. ஆனாலும் துறைமுகமும் விமானத்தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் தாக்கப்பட்டன. எச்சரிக்கை கிடைத்து வெளியேறிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கண்டுபிடிக்கப்பட்டு மூழ்கடிக்கப்பட்டது. எச்சரிக்கை நேரத்தைத்தான் தரும். அந்த நேரத்தில் எங்கே போவது என்பதைச் சங்கு சொல்லாது.

சத்தத்தைக் கூட்டும் பந்தயம் அமெரிக்காவில் உச்சத்துக்குப் போனது. 1952இல் கிறைஸ்லர் நிறுவனம் 180 குதிரைவலு வீ-8 எஞ்சின் பூட்டிய சங்கைச் செய்தது. 100 அடி தூரத்தில் 138 டெசிபெல். அதற்குமேல் போவதில் பயனில்லை என்பதைப் பொறியியலாளர்கள் விரைவிலேயே கண்டார்கள். ஏன் என்பதைக் கணக்குக் காட்டும்.

டெசிபெல் கணக்கு

திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபெல் குறையும். அது பாடப்புத்தகக் கணக்கு. தரை உறிஞ்சுவது, வீடுகள் மறைப்பது, காற்றின் அலைக்கழிப்பு எல்லாம் சேர்ந்தால் ஊருக்குள் 10 டெசிபெல் என்று வைப்பதே பாதுகாப்பு. வெளியக எச்சரிக்கைக்கான அமெரிக்க அரசு வழிகாட்டி அப்படித்தான் வைத்தது. சங்கின் திறனை 100 அடியில், அதாவது 30 மீட்டரில் அளப்பார்கள். கேட்பவரின் காதில் 70 டெசிபெல், அல்லது சுற்றுச் சத்தத்தைவிடக் குறைந்தது 10 டெசிபெல் கூடுதல் இருக்க வேண்டும்.

30 மீட்டரில் 115 டெசிபெல் தரும் ஒரு சங்கை எடுத்துக்கொள்வோம். 60 மீட்டரில் 105, 120இல் 95, 240இல் 85, 480இல் 75, 960இல் 65. ஆக 70 டெசிபெல் எல்லை சுமார் 680 மீட்டர். 125 டெசிபெல் சங்கு என்றால் சுமார் 1,350 மீட்டர். பத்து டெசிபெல் கூட்டினால் ஆரம் இரட்டிக்கிறது, பரப்பு நான்கு மடங்காகிறது. இலாபம்தான். ஆனால் அந்தப் பத்து டெசிபெலுக்குப் பத்து மடங்கு ஒலிச்சக்தி வேண்டும். அதோடு சங்கின் அடியில் நிற்பவரின் காதும் இருக்கிறது. மேற்சொன்ன வழிகாட்டி மனிதர் நிற்கக்கூடிய இடத்தில் 123 டெசிபெலைத் தாண்டக்கூடாது என்கிறது. அதனால்தான் கம்பம் 12 முதல் 15 மீட்டர் உயரம். கூரைகளுக்கு மேலாக ஒலி போவதற்கும் அந்த உயரம் வேண்டும்.

வாங்குபவர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சில விற்பனையாளர்கள் 145 டெசிபெல் என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அளந்த தூரம் அடியில் பொடி எழுத்தில், ஒரு மீட்டர். ஒரு மீட்டருக்கும் 30 மீட்டருக்கும் இடையே கிட்டத்தட்ட 30 டெசிபெல் வித்தியாசம். அந்த 145உம் மேலே சொன்ன 115உம் ஒரே சங்குதான். தூரம் எழுதாத டெசிபெல் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வரை கரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். 115 டெசிபெல் சங்குகளால் அதை மூட 11 அல்லது 12 வேண்டும். 125 டெசிபெல் என்றால் ஆறு. கிண்ணியா, மூதூர், சம்பூர், வெருகல், வடக்கே குச்சவெளி, புல்மோட்டை எல்லாம் இதில் சேரவில்லை.

இந்தக் கணக்கு வெளியில் நிற்பவருக்கு மட்டும். சீமெந்து வீட்டில் கதவு ஜன்னலைச் சாத்தினால் இன்னும் 25 டெசிபெல் போய்விடும். மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓடினால் சங்கு கேட்காது. இது சங்கின் குறையல்ல, அது வெளியில் இருப்பவர்களுக்கான கருவி: கடற்கரையில், வயலில், சந்தையில், மீன்பிடி வாடியில் இருப்பவர்களுக்கு. வீட்டுக்குள் இருப்பவருக்குத் தொலைபேசியும் வானொலியும் அயலவரும்தான்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது

1873இல் ஜோன் டின்டல் என்ற இயற்பியலாளர் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில், சவுத் ஃபோர்லண்ட் என்ற இடத்தில், பனிமூட்ட எச்சரிக்கைக் கருவிகளைச் சோதித்தார். அதே கருவி, அதே வலு. ஒரு நாள் பல மைல் கேட்டது, மறுநாள் பாதித் தூரம் கூடப் போகவில்லை. வானம் தெளிவாக இருந்த நாட்களில்கூட ஒலி செத்துப் போனது. காற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒலி மேகங்கள் இருப்பதாக அவர் எண்ணினார். ஒலி வளைகிறது என்பதே பெரும்பாலும் சரியான விளக்கம். ஸ்டோக்ஸ், ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் ஆகியோர் அதை எழுதினார்கள்.

தரையருகே காற்று மெதுவாகவும் உயரே வேகமாகவும் வீசும். காற்றை எதிர்த்துப் போகும் ஒலி இதனால் மேல்நோக்கி வளைந்து, சில நூறு மீட்டருக்கு அப்பால் நிற்பவரின் தலைக்கு மேலால் போய்விடும். காற்றோடு போகும் ஒலி கீழே வளைந்து தரையைத் தொட்டபடி தூரம் போகும். வெப்பமும் இதே வேலையைச் செய்யும்: நண்பகலில் சூடான மணலுக்கு மேல் ஒலி மேலே வளையும், விடியற்காலையில் தரை குளிர்ந்திருக்கும்போது கீழே வளையும். அதிகாலை ஐந்து மணிக்குச் சங்கைப் பரீட்சித்துவிட்டு மூன்று கிலோமீட்டர் கேட்டது என்று எழுதுவது தன்னைத்தானே ஏமாற்றுவது. ஆடி மாத நண்பகலில், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது சோதிக்க வேண்டும்.

கச்சான் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, காற்றுத் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கடற்கரை ஓரத்தில் நிற்கும் கோபுரத்தின் ஒலியில் பாதி எப்படியும் நீர்ப்பரப்புக்குப் போகிறது. கச்சான் மற்றப் பாதியையும் இழுத்துக்கொண்டு போகும். உள்ளே 500 மீட்டரில் இருப்பவர் காற்றுக்கு எதிர்ப்புறத்தில் நிற்கிறார். வாடைக் காலத்தில் காற்றுக் கடலிலிருந்து வருவதால் ஒலி உள்ளே வரும், ஆனால் அலை இரைச்சலும் தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தமும் சேர்ந்து அதை மூடிவிடும். இரண்டு காலத்தையும் பார்த்தால் கரையிலிருந்து 200 முதல் 400 மீட்டர் உள்ளே கோபுரத்தை வைப்பதே நல்லது. முழு வட்டமும் பயன்படும், கச்சான் ஒலியைக் கடற்கரைக்கு அனுப்பும், உப்புக் காற்றின் அரிப்பும் சற்றுக் குறையும். கடற்கரையில் கம்பீரமாகத் தெரியும் கோபுரம் படத்துக்குத்தான் நல்லது.

நகரின் அமைப்பும் சிக்கலானது. ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல், நடுவே ஒடுங்கிய நிலம். அதில் உவர்மலை, கோட்டை இருக்கும் முனை, அதன் நுனியில் செங்குத்தாகக் கடலில் இறங்கும் கோணேசர் மலை. டச்சுக் குடாப் பக்கம் ஊதும் சங்கு பாறைக்கு வடக்கே திருக்கடலூர்க் கரைக்கு நேராகக் கேட்காது. பத்து மீட்டருக்கு மேற்பட்ட எந்தக் குன்றும் முக்கால் மீட்டர் அலைக்குச் சுவர். வரைபடத்தில் வட்டம் போட்டு இங்கேயெல்லாம் கேட்கும் என்று நிறம் தீட்டினால், அந்த நிறத்துக்குள் செவிட்டு இடங்கள் ஒளிந்திருக்கும். பத்துப் பேரைப் பத்து இடத்தில் நிறுத்தி, சங்கை ஊதி, கேட்டதா என்று குறிப்பதைவிட நல்ல முறை இன்னும் வரவில்லை.

இலத்திரனியல் கோபுரம் எங்கே பழுதாகும்

மோட்டார்ச் சங்குக்குப் பலம் அதன் எளிமை, பலவீனம் மின்கம்பி. சூறாவளி கம்பியை அறுத்தால் ஊமையாகிவிடும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிச் சூறாவளி குச்சவெளிப் பக்கம் கரையேறியது போன்ற இரவில், சங்கு தேவைப்படும் நேரமும் மின்சாரம் போகும் நேரமும் ஒன்றே. அதனால் இப்போது நிறுவப்படுபவை பெரும்பாலும் இலத்திரனியல் வகை: ஒலிபெருக்கிக் குழல்களின் அடுக்கு, பெருக்கி, பற்றறி, சோலார்த் தகடு, றேடியோ. அவை பேசவும் செய்யும்.

பேச்சைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஊளை கேட்கும் தூரம் வேறு, சொல் விளங்கும் தூரம் வேறு. இரண்டாவது மிகக் குறைவு. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கோபுரம் ஒரே நேரத்தில் பேசினால், ஒன்றின் அருகில் நிற்பவருக்கு மற்றதின் குரல் மூன்று வினாடி பிந்தி வந்து மேலே விழும். எனவே வாக்கியங்கள் குறுகியவையாக, இடைவெளி விட்டு, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி வர வேண்டும். நீண்ட அறிவித்தல் வெறும் இரைச்சல்.

பற்றறிக் கணக்கு: 100 வாட் குழல் எட்டு என்றால் 800 வாட். பெருக்கியின் இழப்பைச் சேர்த்தால் 1,000 வாட். 24 வோல்ட்டில் அது 42 அம்பியர். மும்மூன்று நிமிடமாக ஐந்து முறை ஊதினால் பத்தரை அம்பியர்-மணி. ஆச்சரியமாகத் தோன்றலாம், ஊதுவதல்ல பெரிய செலவு, காத்திருப்பதுதான். றேடியோவும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இரவு பகலாக 5 வாட் இழுத்தால் நாளுக்கு 5 அம்பியர்-மணி. வாடை மழையில் ஒரு வாரம் வெயில் இல்லையென்றால் 35. மொத்தம் 45, ஈய அமிலப் பற்றறியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது, ஆக 100 அம்பியர்-மணிப் பற்றறி இரண்டு, தொடராக. வயதாவதற்கு ஈடாக 150 போட்டால் நிம்மதி.

வயதாவது இங்கே வேகமாக நடக்கும். ஈய அமிலப் பற்றறியின் ஆயுள் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் பாதியாகும். வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் சராசரி 35 பாகை இருந்தால், ஐந்து வருடப் பற்றறி இரண்டரை வருடத்தில் போய்விடும். அதைவிட மோசம், செத்துக்கொண்டிருக்கும் பற்றறி சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டும். பார்க்க வந்தவர் அளந்து எழுதிவிட்டுப் போவார். சுமை ஏற்றி 40 அம்பியர் இழுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நிழற்கூரை, காற்றோட்டம், வெள்ளைப் பூச்சு என்ற மூன்று மலிவான காரியங்கள் ஒரு பற்றறிக்கு ஒரு வருடமாவது கூட்டும்.

உப்பு அடுத்த எதிரி. அலுமினியக் குழலில் துருப்பிடிக்காத உருக்கு ஆணியை நேராகப் பூட்டினால், உப்பு ஈரத்தில் இரண்டும் ஒரு மின்கலமாகி அலுமினியம் கரையும். நடுவில் நைலோன் வாசர் வேண்டும். அலைவாங்கிக் கம்பியின் இணைப்பில் நீர் புகுந்தால் கோபுரம் பார்வைக்கு நன்றாக இருக்கும், கட்டளை மட்டும் வந்து சேராது. இணைப்பின் மேல் தன்னோடு தானே ஒட்டும் இறப்பர் நாடாவை இறுக்கிச் சுற்றாத வேலையை ஏற்கவே கூடாது. குழலுக்குள் குளவிக் கூடு, மைனாக் கூடு. ரிலே முனைகளுக்கு நடுவே நசுங்கிய எறும்பு. இணைப்புப் பலகையில் குறுக்கே விழுந்து கருகிய பல்லி. கேபிள் நுழையும் ஒவ்வொரு துளையையும் அடைத்து, குழல் வாயில் வலை போடுவது சில நூறு ரூபாய் வேலை. இந்தச் சில நூறு ரூபாய்தான் பெரும்பாலும் செலவழிக்கப்படுவதில்லை.

மோட்டார்ச் சங்கு வேறு விதமாகச் சாகும். சுழலிக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள வெளி மில்லிமீட்டர் கணக்கு. வருடக்கணக்கில் சுற்றாமல் விட்டால் துரு அதை நிரப்பி இறுக்கிவிடும். பிறகு மின்சாரம் கொடுத்தால் சுழலாத மோட்டார் எழும்பும் மின்னோட்டத்தை விடாமல் இழுத்துக் கருகும். மாதம் ஒருமுறை இரண்டு வினாடி மின்சாரம் கொடுத்து ஓர் உறுமலோடு நிறுத்தினாலே துரு பிடிக்காது. இலத்திரனியல் கோபுரத்துக்கு மௌனச் சோதனை உண்டு: காதுக்கு எட்டாத உயர்சுருதி ஒலியை அனுப்பி, ஒவ்வொரு குழல் வரியிலும் மின்னோட்டம் ஓடுகிறதா என்று பெட்டியே அளந்து மையத்துக்கு அறிவிக்கும். இவை போக, ஊர் கேட்கும்படி ஊதிப் பார்க்கும் நாளும் வேண்டும். நெதர்லாந்தில் மாதத்தின் முதல் திங்கள், பிரான்ஸில் முதல் புதன், இரண்டிலும் நண்பகல். குறித்த நாள், குறித்த நேரம் என்பதால் யாரும் பதறுவதில்லை; ஒரு மாதம் கேட்காவிட்டால் சனமே தொலைபேசி எடுத்துக் கேட்கும்.

குழலும் கம்பமும் முப்பது வருடம் நிற்கும். தொடர்புப் பெட்டி பத்து வருடத்தில் பழசாகிவிடும்: மாற்றுப்பாகம் செய்யப்படாது, மென்பொருள் புதிய கணினியில் ஓடாது, செய்மதிச் சேவை ஒப்பந்தம் முடியும். கோபுரம் வாங்கும் நாளிலேயே பத்தாம் வருடத்துக்கான பெட்டிக்கும் காசு ஒதுக்காத திட்டம் பாதித் திட்டம்தான்.

கட்டளை வரும் வழியைப் பூட்டவும் வேண்டும். 2017 ஏப்ரல் 7 நள்ளிரவுக்குச் சற்று முன் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 156 சங்குகளும் ஒன்றாக ஊதின. ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டு விட்டு ஒலித்தன. யாரோ ஒருவர் றேடியோக் கட்டளை ஒலியைப் போலவே ஒலிபரப்பியிருந்தார். கட்டளைக்கு மறைகுறி இல்லாவிட்டால் ஒரு சாதாரண றேடியோவே போதும்.

கேட்டும் நகராதவர்கள்

2004இல் நிலநடுக்கம் நடந்தது இலங்கை நேரம் காலை 6.58க்கு. பசிபிக் சுனாமி மையம் கால் மணி நேரத்தில் முதல் அறிக்கையை வெளியிட்டது. இந்து சமுத்திர நாடுகளில் அதைப் பெற்று ஊருக்குள் கொண்டுசெல்ல ஒரு வழி இருக்கவில்லை. 4,000 மீட்டர் ஆழக் கடலில் அலை மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. கிண்ணியாவில் வைத்தியசாலையே அழிந்தது. கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும் என்று பிறகு எல்லோரும் கற்றுக்கொண்டோம். நல்ல பாடம், ஆனால் முழுப் பாடமல்ல: சுமத்திராவிலிருந்து மேற்கே வந்த முதல் அலை முகடாகவே வந்தது. தாய்லாந்தில்தான் கடல் முதலில் வற்றியது. நம் கரையில் முதல் அலைக்கு முன் இயற்கை எச்சரிக்கும் என்று எண்ணிக் காத்திருக்க முடியாது. செயற்கை எச்சரிக்கை இங்கே தேவைப்படுவது இதனால்தான்.

இன்று தகவல் வந்து சேரும் வழி பரவாயில்லை. இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாட்டு மையங்களும் 2011 முதல் இந்து சமுத்திரத்துக்கு அறிக்கை தருகின்றன. வளிமண்டலவியல் திணைக்களம் அவற்றைப் பெறுகிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் கோபுரங்களை இயக்குகிறது. அங்கிருந்து ஊருக்குள் போய்ச் சேரும் கடைசி மைல்தான் இன்னும் நொண்டுகிறது.

1960 மே 22 இரவு ஹவாயின் ஹிலோ நகரில் சங்குகள் எட்டரை மணியளவில் ஊதின. அலை வந்தது நள்ளிரவு ஒரு மணிக்குப் பிறகு. நான்கு மணி நேரம் இருந்தும் 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் சங்கைக் கேட்டிருந்தார்கள். அதன் பொருள் என்ன, இப்போதே போவதா, அடுத்த ஒலிக்குக் காத்திருப்பதா என்பது பலருக்குத் தெரியவில்லை. ஒலி முறை அண்மையில் மாற்றப்பட்டிருந்தது. 2023 ஓகஸ்டில் அதே ஹவாயின் லஹைனாவில் காட்டுத்தீ பரவியபோது சங்கு ஊதப்படவே இல்லை. கடற்கரையிலுள்ள சங்கைக் கேட்டால் சனம் சுனாமி என்று எண்ணி மலைப்பக்கம், தீயை நோக்கி, ஓடியிருக்கும் என்று அதிகாரி காரணம் சொன்னார். அவர் சொன்னதை எவ்வளவு கண்டித்தாலும் அதில் ஒரு விஷயம் உண்டு: ஓர் ஒலிக்கு மனதில் ஒரு பொருள்தான் ஒட்டும். திருகோணமலையில் சூறாவளிக்கும் வெள்ளத்துக்கும் சுனாமிக்கும் ஒரே ஊளையைப் பயன்படுத்தினால், மூன்றுக்கும் வெவ்வேறு திசையில் போக வேண்டியவர் எந்தப் பக்கம் போவார்?

17 கிலோமீட்டர் இடைவெளியை நிரப்பக்கூடியவை ஊரில் ஏற்கெனவே இருக்கின்றன. கிண்ணியாவிலும் மூதூரிலும் பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கி சில நூறு மீட்டருக்கு ஒன்று. நகரிலும் சம்பூரிலும் கோயில்கள், தேவாலயங்கள். 12 வோல்ட் உள்ளீடு உள்ள பெருக்கியும் ஒரு லொறிப் பற்றறியும் இருந்தால் மின்சாரம் போனாலும் அவை பேசும். பேசும் வாக்கியத்தை முன்கூட்டியே எழுதி மைக்குக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டும்: என்ன வருகிறது, எங்கே போக வேண்டும், எத்தனை மணிக்குள். திறப்பு யாரிடம் என்பது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். ஒலிபெருக்கி எட்டாத வாடிகளுக்குக் கையால் சுற்றும் சங்கு. மின்சாரமும் றேடியோவும் வேண்டாத அதன் ஒலி சில நூறு மீட்டர் போகும். ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால்கூட நகரிலிருந்து நிலாவெளி வரை ஒரு மணி நேரம். இரண்டு ஓட்டோ இரு முனையிலிருந்தும் புறப்பட்டால் அரை மணி. கடலில் எஞ்சின் ஓடும் படகில் இருப்பவருக்கு எந்தச் சங்கும் கேட்காது. அவருக்கு றேடியோதான், ஆழக் கடலுக்குப் போய் நில் என்ற செய்திதான்.

ஒரே ஒரு காரியத்தை மட்டும் சங்குக்கு விடக்கூடாது: ஆபத்து நீங்கியது என்று அறிவிப்பது. சுனாமி ஓர் அலையோடு முடிவதில்லை. அடுத்தடுத்த அலைகள் பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இடைவெளி விட்டு வரலாம், பிந்தியது பெரியதாகவும் இருக்கலாம். தூரத்தில் ஊதும் ஒலி தொடங்கும் ஊளையா முடியும் ஊளையா என்று காற்றடிக்கும் பக்கத்தைப் பொறுத்து மாறிக் கேட்கும். ஆகவே திரும்பிப் போகலாம் என்ற சொல் சங்கிலிருந்து வராது, கிராம அலுவலரோ பொலிசோ வானொலியோ வாயால் சொல்லும் வரை மேட்டிலேயே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும்.